ஒன்பதாவது நகர்த்தலுக்குக் கறுப்பின் பதில்

வானவடி, புனே
18.3.1995

பாமாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் வீட்டுப் போன் நம்பர் எனக்கு மனப்பாடம். நேற்று சுழற்றவும் செய்தேன். உன் அம்மா விசாலம் மாமி எடுத்து "ஹலோ, யாரு?" என்றதும் வைத்துவிட்டேன். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. உன்னிடம்தான். அதைப் போனில் சொல்லப் போனால் நடுவில் அழுதுவிடுவேன், நீ "அச்சா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவாய். எழுதினால் கடைசி வரி வரை நீ படித்தாக வேண்டும்.

ஒரே ஒரு வேலை. செஸ் ஆடுகிற பெண் ஒருத்திக்கு வங்கியில் ஒரு குமாஸ்தா நாற்காலி. அதற்காக வங்கி வைத்த போட்டியில் கடைசி ரவுண்டுக்கு வரும்போது நீயும் நானும் சமமாக நின்றோம். சீட்டு எடுத்ததில் உனக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. நான் பயப்படவில்லை. இரண்டு வருஷமாக வானவடியிலிருந்து பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து லோக்கலில் தொங்கிக்கொண்டு சிஞ்ச்வட் வந்து, உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் தேடியது எல்லாம் கறுப்புக்கான பதில்களைத்தானே? நம் ஏற்பாடு என்ன, ஞாபகமிருக்கிறதா? நீ வெள்ளைக்காக யோசிப்பாய், நான் கறுப்புக்காக. என்னுடைய ஸிஸிலியன் தடுப்பாட்டம் எங்கே உடையும் என்று நீ காட்ட வேண்டும். உடைகிற இடத்துக்கு நான் பதில் கண்டுபிடிக்க வேண்டும். உடைத்துக் காட்டினாய், நானும் ஒவ்வொரு தடவையும் அடைத்தேன். கடைசியில் நீயே மேஜையைத் தட்டி, "பஸ், போதும் மங்கை, இனிமே இது லோகண்ட், இரும்பு" என்றாய்.

அந்த இரும்பில் ஒன்பதாவது நகர்த்தலில் ஜி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாய். அந்தச் சிப்பாய்க்குக் காவல்கூட இல்லை. நாம் அதைப் பேசியதே இல்லை. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ யோசிக்கவில்லை. கடிகாரத்தை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய். பலகையின் முன்னால் அப்போதுதான் தோன்றிய நகர்த்தல் என்றால் கை அப்படிப் போகாது. அது வீட்டிலிருந்து கட்டி எடுத்துக்கொண்டு வந்தது.

நான் நாற்பது நிமிஷம் யோசித்துக் குதிரையை முன்னால் பாய்ச்சினேன். அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும்.

மே மாதம் அப்பா ரிட்டயர் ஆகிறார். கோயமுத்தூருக்குத் திரும்புகிறோம். எனக்கு வேலை கிடைத்தால் இங்கேயே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். இப்போது ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் ஒருவரின் போட்டோ வந்திருக்கிறது. அம்மா அதை ரேடியோ மேல் சாய்த்து வைத்திருக்கிறாள்.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த நகர்த்தலை எப்போது கண்டுபிடித்தாய்?

மங்கையர்க்கரசி

•

சிஞ்ச்வட்
2.4.1995

மங்கை,

நீ தமிழில் எழுதியதால் நானும் தமிழில் எழுத வேண்டியதாகிவிட்டது. இது அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். திருத்தி அனுப்பாதே.

கேட்டாய், சொல்கிறேன். ஜனவரியில் கண்டுபிடித்தேன். சங்கராந்திக்கு முந்தின வாரம்.

இப்போது நான் கேட்கிறேன். ஜனவரியில் வங்கியின் நோட்டீஸ் வந்த அன்றைக்கு சிஞ்ச்வட் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "ஒரு போஸ்ட்தான் இருக்கு. நாம ரெண்டு பேர் இருக்கோம்" என்றேன். நீ என்ன சொன்னாய்? "நீ போடு பாமா. உனக்குத்தான் வேணும். நான் போடறதா இல்லை." நான் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய். அதே வாரம் எங்கள் வீட்டில் பொரிச்ச குழம்பு சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடமும் சொன்னாய். அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஃபேக்டரியில் கொடுத்ததை வைத்து ஃப்ளாட் கடனைக் கட்டிவிட்டு வெறும் கையோடு உட்கார்ந்திருந்தோம். அம்மா உன் தட்டில் இன்னொரு கரண்டி விட்டாள். "நல்ல பொண்ணு" என்று நீ போன பிறகு சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை நீ வரவில்லை. ஜுரம் என்று போன் செய்தாய். அன்றைக்கு நீ வங்கி வாசலில் லைனில் நின்று ஃபார்ம் வாங்கினாய். உனக்கு இரண்டு பேர் பின்னால், நம்மோடு போட்டிகளில் ஆடுகிற நீலா நின்றிருந்தாள். அவள் என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்புறம் லிஸ்டில் உன் பெயரைப் பார்த்தேன்.

நான் ஒரு மூவைச் சொல்லவில்லை. நீ ஒரு அப்ளிகேஷனைச் சொல்லவில்லை. நான் பலகையில் செய்ததைச் செஸ் என்று சொல்வார்கள். நீ செய்ததற்கு என்ன பெயர் என்று நீயே தமிழில் கண்டுபிடி, உனக்குத்தான் தமிழ் நன்றாக வருமே.

நேற்று வேலையில் சேர்ந்தேன்.

பாமா

•

வானவடி
20.4.1995

பாமா,

ஆமாம், ஃபார்ம் போட்டேன். ஜுரம் என்றது பொய். நூல் வியாபாரியின் பேச்சு அப்போதே வீட்டில் தொடங்கிவிட்டது. அதை உன்னிடம் சொன்னால் நீ விட்டுக்கொடுப்பாயோ என்று பயந்தேன். விட்டுக்கொடுத்தால் மாமியின் முகத்தில் விழிக்க முடியாது. விட்டுக்கொடுக்காவிட்டால் உன் முகத்தில் விழிக்க முடியாது. அதனால் பேசாமல் போட்டேன். இதற்கு நல்ல பெயர் இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் பெயர் லிஸ்டில் வந்தது. ஊருக்கே தெரிந்தது. நீ பார்த்தாய். பார்த்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் என்னைச் சிஞ்ச்வடுக்கு வரவழைத்து, எதிரே உட்கார்ந்து, வெள்ளைக்காக யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாத நகர்த்தல்களாகக் காட்டிக்கொண்டிருந்தாய். "யாரு வெள்ளையா வந்தாலும் இதையே ஆடு. இதை மாத்தாதே" என்று சொன்னது யார்? நான் சொன்ன பொய் ஒரு நாள் பொய். நீ டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே வாரக்கணக்கில் பொய்யாக உட்கார்ந்திருந்தாய்.

ஈரோட்டுக்காரரை வேண்டாம் என்றுவிட்டேன். அப்பா என்னோடு பேசுவதில்லை. அவர்கள் ஊருக்குப் போகட்டும், நான் இங்கேயே இருக்கப் போகிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு மேஜரின் மனைவி, தனியாக இருக்கிறார், ஒரு அறை தருகிறார். ஸ்கூட்டர் ஷோரூமில் பில் போடும் வேலை. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. என்னை ஊரை விட்டு அனுப்பிவிட்டதாக நீ நிம்மதியாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எழுதாதே.

மங்கையர்க்கரசி

•

சிஞ்ச்வட்
18.11.1996

மங்கை,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆகுர்டி ஹாலில் நடந்த போட்டியில் நானும் இருந்தேன். நீ என்னைப் பார்க்காத மாதிரி நடந்தாய், நல்ல ஆக்டிங். உன் டேபிளுக்குப் பின்னால் நான் நின்றது உனக்குத் தெரியாது. உனக்கு எதிரே ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு மராத்திப் பெண். அவள் ஒன்பதாவது மூவில் ஜி சிப்பாயைத் தள்ளினாள். செஸ் புல்லட்டினில் என் கேம் வந்ததிலிருந்து பிம்ப்ரியில் பால் போடுகிறவனுக்குக்கூட அந்த மூவ் தெரியும். உனக்கு மட்டும் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அதே ஸிஸிலியன், அதே கிளை, அதே எட்டு மூவ். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வா, வந்து அடி" என்று உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பெண் வந்து அடித்தாள். வெளியே போய் அவள் அம்மாவிடம் "ஸோப்பா ஹோதா" என்றாள். சுலபமாக இருந்ததாம்.

எனக்கு அதைக் கேட்க எரிச்சலாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

கறுப்புக்கு உலகத்தில் வேறு ஆட்டமே இல்லையா? ஃப்ரெஞ்ச் ஆடு. காரோ-கான் ஆடு. நான்கூடக் கறுப்பில் அந்த ஸிஸிலியனை அன்றைக்கே விட்டுவிட்டேன். நீ யாரோடு சண்டை போடுகிறாய்? நான் எதிரே உட்காராத டேபிளில்கூட என்னோடு சண்டை போட்டுத் தோற்கிறாய்.

இன்னொரு விஷயம். "அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு ஏன்டி வரதே இல்லை?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். உனக்குக் கல்யாணமாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வழியில் அவளைப் பார்த்தால் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்.

பாமா

•

வானவடி
25.11.1996

பாமா,

எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததற்கு நன்றி. மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்பதையும் எழுதிவிடு. மாமி கேட்டால் நான் உளறக் கூடாதல்லவா?

நீ பின்னால் நின்றது எனக்குத் தெரியும். உன் இருமல் எனக்குத் தெரியாதா?

அந்த ஜி சிப்பாய்க்கு நான் என்னென்ன பதில் ஆடினேன் என்று நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது. நானே சொல்கிறேன். சும்மா நிற்கிறதே என்று குதிரையால் அந்தச் சிப்பாயை எடுத்துப் பார்த்தேன். உன் யானை அந்த வரிசைக்கு வந்து என் ராஜா பக்கத்தைப் பிளந்துவிடுகிறது. ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பிப் பார்த்தேன். சிப்பாய்கள் அங்கேயே வந்து இடிக்கின்றன. எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளித் தடுத்துப் பார்த்தேன். இரண்டு நகர்த்தல் தாமதமாகிறதே தவிர நிற்கவில்லை. நடுவில் திருப்பி அடித்தும் பார்த்தேன். அதில் ஒரு டிரா கிடைத்தது. அது என் சாமர்த்தியம் இல்லை, எதிரே இருந்த அம்மாளுக்கு வீட்டுக்குப் போக அவசரம்.

வேறு டிஃபென்ஸுக்கு மாறச் சொல்கிறாய். உனக்கு அது சுலபம், நீ கறுப்புக்காக யோசித்ததே இல்லை. அந்த எட்டு நகர்த்தல்களில் ஒவ்வொன்றும் நான் தேடிப் பிடித்த பதில். கடைசி லோக்கலைப் பிடிக்க ஓடும்போதும் அதையே யோசித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். நீ ஒரு சிப்பாயைத் தள்ளியதற்காக அது மொத்தமும் குப்பை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒப்புக்கொண்டால், அன்றைக்கு நான் தோற்றது உன் கள்ளத்தனத்தால் இல்லை, என் ஆட்டம் மோசம் என்பதால் என்று ஆகிவிடும்.

உனக்கு எரிச்சலாக இருந்தால் என் டேபிள் பக்கம் வராதே.

மங்கையர்க்கரசி

•

வானவடி
30.8.1998

பாமா,

வங்கியில் மறுபடியும் ஒரு இடம் அறிவித்திருக்கிறார்கள். அக்டோபரில் போட்டி. உங்கள் டீமில் இருப்பவர்களும் ஆட வேண்டுமாம். இந்த முறை முதலில் உன்னிடமே சொல்லிவிடுகிறேன். ஃபார்ம் போட்டுவிட்டேன். நேற்று. எனக்கு ஜுரம் இல்லை.

எனக்கு இருபத்தேழு வயது ஆகிறது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். ஷோரூமில் இரண்டு வருஷமாகச் சம்பளம் ஏறவில்லை. மேஜரின் மனைவி மகனோடு டெல்லிக்குப் போகப் போகிறார், வீட்டை விற்கிறார். இது கிடைக்காவிட்டால் நான் கோயமுத்தூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அங்கே அப்பா இன்னும் பேசுவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதிலைக் கண்டுபிடித்துவிட்டேன்.

உன் ஒன்பதாவது நகர்த்தலுக்குக் கறுப்பின் பதில். இத்தனை நாள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பார்க்க அசிங்கமான நகர்த்தல், அதனால்தான் யாரும் கை வைக்கவில்லை. அதை ஆடிவிட்டால் உன் ஜி சிப்பாய் நடுத்தெருவில் நிற்கும். இன்னும் யாரிடமும் ஆடிக் காட்டவில்லை. உனக்காகவே வைத்திருக்கிறேன்.

எனக்குக் கறுப்பு வந்து உனக்கு வெள்ளை வந்தால், தயவுசெய்து அதே சிப்பாயைத் தள்ளு.

மங்கையர்க்கரசி

•

சிஞ்ச்வட்
9.9.1998

மங்கை,

நீ சொல்வதை நான் நம்பவில்லை. அப்படி ஒரு பதில் இருந்தால் அதைச் சொல்லாமல் ஆடிக் காட்டுவாய். இப்படி லெட்டர் போட மாட்டாய்.

அசிங்கமான மூவ் என்று எழுதியிருக்கிறாய். எதை அசிங்கம் என்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை.

என் பக்கத்தையும் தெரிந்துகொள். எங்கள் மேனேஜர் மாறிவிட்டார். புதியவருக்கு விளையாட்டில் இன்ட்ரஸ்ட் இல்லை. இந்தப் போட்டியில் முதல் மூன்றுக்குள் வருகிறவர்களுக்குத்தான் புனே. மற்றவர்களுக்கு எங்கே ஆள் குறைவோ அங்கே டிரான்ஸ்ஃபர். அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. வலது கண்ணுக்கு லேஸர் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடியாது, தனியாகவும் விட முடியாது.

விட்டுக்கொடு என்று கேட்கவில்லை. நீ விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போட்டிக்கு வரும்போது எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கும் விளையாட்டு விளையாட்டு இல்லை என்று தெரிந்துகொண்டு வா. அவ்வளவுதான்.

வெள்ளை வந்தால் தள்ளுவேன்.

பாமா

•

வானவடி
1.11.1998

பாமா,

நேற்று வேலை உத்தரவு வந்துவிட்டது. அதைச் சொல்ல இதை எழுதவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் உனக்கு ஞாபகப்படுத்த ஆசையாக இருக்கிறது. கடைசிக்கு முந்திய ரவுண்ட். உனக்கு வெள்ளை. முதல் எட்டு நகர்த்தலை நாம் இரண்டு பேரும் ஐந்து நிமிஷத்தில் ஆடி முடித்தோம். ஒன்பதாவதற்கு உன் கை ஜி சிப்பாய் வரைக்கும் வந்தது. தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாய். நான் உன்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், எதையோ ஒளித்து வைத்திருப்பவள் மாதிரி. நீ நாற்பத்தைந்து நிமிஷம் யோசித்தாய். உன் உதட்டுக்கு மேலே வியர்வை நின்றது. பிறகு மந்திரியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாய். பயந்தவர்கள் ஆடுகிற நகர்த்தல். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. கடிகாரத்தில் உனக்கு நேரம் போய்விட்டது. முப்பதாவது நகர்த்தலுக்குப் பிறகு ஓட ஆரம்பித்தாய், ஓடுகிற ஓட்டத்தில் ஒரு யானையை இழந்தாய்.

கை கொடுத்துவிட்டு நீ என்ன கேட்டாய்?

"காட்டு."

"எதை?"

"அந்தப் பதிலை. இனிமே என்ன, காட்டேன்."

"இன்னொரு நாளைக்கு" என்றேன். நீ வாசல் வரைக்கும் என் பின்னால் வந்தாய். மூன்று வருஷத்தில் நாம் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான்.

அந்த இன்னொரு நாள் இன்றைக்கு. நன்றாக உட்கார்ந்துகொண்டு படி.

பதில் இல்லை, பாமா. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மூன்று வருஷம் தேடினேன், கிடைக்கவில்லை. உன் நகர்த்தல் சரியான நகர்த்தல். நீ அன்றைக்கு அந்தச் சிப்பாயைத் தள்ளியிருந்தால் நான் மறுபடியும் அதே மாதிரி தோற்றிருப்பேன், இப்போது கோயமுத்தூரில் இருந்திருப்பேன். நான் எழுதிய நாலு வரிப் பொய்யைப் பார்த்துப் பயந்து, ஜெயிக்கிற ஆட்டத்தை நீயே கீழே போட்டாய். நம்பவில்லை என்று எழுதினாயே? யாரைவிடவும் அதிகமாக நம்பியது நீதான்.

மாமியின் கண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். அதுவும் ஒரு நகர்த்தல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். என்னைத் தளர்த்துவதற்காக. நான் தளரவில்லை.

கணக்கு தீர்ந்தது.

மங்கையர்க்கரசி

•

நாந்தேட்
17.1.1999

மங்கை,

உன் லெட்டர் சிஞ்ச்வட் போய், அங்கிருந்து பக்கத்து ஃப்ளாட் பார்வதி அக்கா வேறு கவரில் போட்டு இங்கே அனுப்பினாள். நான் நாலாவதாக வந்தேன். நீ பார்த்திருப்பாய். டிசம்பரில் நாந்தேடுக்கு மாற்றினார்கள்.

அம்மாவின் கண் ஒரு மூவ் இல்லை. அம்மா ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாள். காலையில் பார்வதி அக்கா வந்து இன்சுலின் போட்டுவிட்டு அவள் ஸ்கூலுக்குப் போகிறாள். மத்தியானம் அம்மா சுவரைத் தடவிக்கொண்டு போய்த் தட்டை எடுத்துச் சாப்பிடுகிறாள். நான் வாரம் விட்டு வாரம் ராத்திரி பஸ்ஸில் வந்து, ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, அன்றைக்கு ராத்திரியே திரும்புகிறேன். லேஸர் வியாழக்கிழமைதான் போடுகிறார்கள். எனக்கு வியாழக்கிழமை லீவு இல்லை. பார்வதி அக்காவுக்கும் இல்லை. ஏற்கனவே இரண்டு தடவை தவறிவிட்டது. இதைப் படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றினாலும் எனக்கு எழுத வேண்டாம்.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்காக. உன் லெட்டரில் ஒரு தப்பு இருக்கிறது. அதை அப்படியே விட என்னால் முடியவில்லை.

பதில் இருக்கிறது.

குதிரை ஜி-8. எங்கிருந்து கிளம்பியதோ அதே கட்டத்துக்குத் திரும்பிப் போகிறது. இன்னும் யாரும் அதைத் தாக்கவில்லை, அதற்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடுகிறது. வெள்ளை ஜி சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளினால் அங்கே அடிக்க ஒன்றும் இல்லை. பிறகு குதிரை ஈ-7 வழியாக ஜி-6-க்கு வருகிறது. அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் வெள்ளையின் ராஜா பக்கம் முழுக்க ஓட்டை. நான் அதை நூறு தடவை வைத்துப் பார்த்திருக்கிறேன். கறுப்புக்குத்தான் நல்ல ஆட்டம். உனக்கு அது எந்தக் காலத்திலும் கண்ணில் பட்டிருக்காது. வைத்த காயைப் பின்னால் எடுக்க உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் உன்னை.

நீ "பார்க்க அசிங்கமான நகர்த்தல்" என்று எழுதினாய். வேறு எதை அப்படிச் சொல்வாய்? கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். அதனால்தான் சிப்பாயைத் தொடவில்லை. நீ பொய் சொல்லி என்னைப் பயமுறுத்தியதாகச் சந்தோஷப்படாதே. நான் உன் பொய்க்குப் பயப்படவில்லை. உண்மையில் இருக்கிற ஒரு மூவுக்குப் பயந்தேன்.

எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்பாய். கேட்பதில்தான் நீ கெட்டிக்காரி. அதே ஜனவரியில், அதே ராத்திரி. முதலில் வெள்ளையின் மூவைக் கண்டுபிடித்தேன். படுக்கப் போய்விட்டுத் தூக்கம் வராமல் எழுந்து வந்து அதற்குக் கறுப்பின் பதிலைத் தேடினேன். அது உன் வேலை. உனக்காகச் செய்தேன். காலையில் அம்மா எழுந்து வந்து, "ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சுதே, என்னடி?" என்றாள். "மங்கை வரட்டும், அவளுக்கு ஒண்ணு காட்டணும்" என்றேன்.

அந்த வியாழக்கிழமை பலகையில் காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வந்திருந்தால் இரண்டையும் காட்டியிருப்பேன். உனக்கு ஜுரம் என்று போன் வந்தது.

தொண்ணூற்றைந்தில் நீ நாற்பது நிமிஷம் யோசித்தாயே, அப்போது நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீ குதிரையைத் தொட்டாய். தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். கையில் எடுத்துவிட்டாய். பின்னால் வைத்துவிடுவாய் என்று நினைத்தேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். நீ அதை முன்னால் வைத்தாய்.

அந்தப் பதிலை இனி நான் பாதுகாத்து வைத்து என்ன செய்யப் போகிறேன்? நாந்தேடில் செஸ் ஆட ஆளே இல்லை. நீ எடுத்துக்கொள். யாரிடம் வேண்டுமானாலும் ஆடு. அந்த ஸ்கூல் பெண் இன்னும் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டேன், முதலில் அவளிடம் ஆடு.

நன்றி என்று எழுதிவிடாதே. கிழித்துப் போட்டுவிடுவேன்.

பாமா

•

புனே
6.2.1999

பாமா,

நன்றி சொல்லவில்லை.

குதிரை ஜி-8 வைத்துப் பார்த்தேன். நீ எழுதியது சரி. எனக்கு முதலில் உன் மேல் கோபம் வந்தது, பிறகு என் மேல் வந்தது, இப்போது திரும்பவும் உன் மேல்தான் இருக்கிறது. லிஸ்டில் என் பெயரைப் பார்த்த அன்றைக்கே வானவடிக்கு வந்து கன்னத்தில் ஒரு அறை கொடுத்துக் கேட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். நீ கேட்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னித்துவிட்டதாக எழுதாதே.

போன வியாழக்கிழமை ஆபீசில் அரை நாள் லீவு போட்டேன். சிஞ்ச்வடிலிருந்து ஆட்டோவில் மாமியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். படி இறங்கும்போது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மங்கையாடி? உன் ஆம்படையான் எங்கே?" என்றார். நீ சொல்லி வைத்த பொய்யை நான்தான் சுமக்க வேண்டியிருந்தது. துபாயில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல். இன்னும் மூன்று தடவை லேஸர் போட வேண்டுமாம். மூன்றும் வியாழக்கிழமை, மூன்றுக்கும் நான் போகிறேன்.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதில் எழுத வேண்டாம்.

மங்கை